அலுவலகக் கணினிகளில் பிரிண்டர் டிரைவரும் பிடிஎஃப் உருவாக்கமும்: தமிழ் ஆவணங்களுக்கான நிறுவல் வழிகாட்டி

பத்துப் பன்னிரண்டு கணினிகள், நெட்வொர்க்கில் இணைந்த ஒரு லேசர் மல்டிஃபங்ஷன் பிரிண்டர், கணக்குப் பிரிவின் மேசையில் யுஎஸ்பி கம்பியோடு இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு பழைய லேசர் பிரிண்டர். தமிழ்நாட்டில் வழக்கறிஞர், தணிக்கையாளர், ஒப்பந்ததாரர் அலுவலகங்கள் பலவற்றின் அமைப்பு இதுதான். அத்தகைய அலுவலகத்தில் விண்டோஸ் 11 இயங்கும் கணினிகளை, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆவணம் தயாரித்து, அச்சிட்டு, பிடிஎஃப்பாக அனுப்பும் நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை இந்த வழிகாட்டி தொடக்கத்திலிருந்து விளக்குகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் இயங்கும் கணினிகளுக்கும் இங்குள்ள படிகள் பெரும்பாலும் பொருந்தும் என்றாலும், புதிதாக நிறுவும் எவரும் விண்டோஸ் 11ஐயே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

பிரிண்டரோடு கணினி பேச உதவும் மென்பொருளான டிரைவரையும் பிடிஎஃப் மென்பொருளையும் ஒரே அமர்வில் நிறுவச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ போன்றவை விண்டோஸின் பார்வையில் மற்றுமொரு பிரிண்டரே. அவற்றுக்கும் டிரைவர் உண்டு, தரவு செல்லும் வாயிலான போர்ட் உண்டு, வரிசை உண்டு. காகிதத்துக்குச் செல்லும் பக்கம் கடக்கும் அதே ஸ்பூலர் சேவையைத்தான் (அச்சுப்பணிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் விண்டோஸ் பகுதி) பிடிஎஃப்பாக மாறும் பக்கமும் கடக்கிறது. எழுத்துருவிலோ தாள் அளவிலோ பிழை இருந்தால் அது இரண்டு இடங்களிலும் வெளிப்படும். ஆகவே எழுத்துரு, தாள் அளவு, டிரைவர், பிடிஎஃப் என்ற வரிசையில் ஒரு கணினியை முழுமையாக முடித்துச் சோதித்த பின்னரே அடுத்த கணினிக்குச் செல்ல வேண்டும்.

தொடங்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒவ்வொரு பிரிண்டரின் பின்புறமோ அடிப்புறமோ ஒட்டப்பட்டிருக்கும் சீட்டில் உள்ள முழுமையான மாடல் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் மாறும் மாடல்களுக்கு டிரைவர் முற்றிலும் வேறாக இருக்கலாம். நெட்வொர்க் பிரிண்டர் என்றால், அதன் முன்பக்கப் பலகையிலிருந்து கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரியான ஐபி முகவரியையும், அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி கணக்கின் கடவுச்சொல் கையில் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் நிலுவையில் இருந்தால் அதை முடித்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட வேண்டும். பாதியில் நிற்கும் அப்டேட்டின் மேல் டிரைவரை நிறுவுவது வீண் தொல்லையை வரவழைக்கும்.

டிரைவரை உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். தேடுபொறியில் மாடல் எண்ணைத் தட்டியதும் முதலில் வரும் ‘இலவச டிரைவர்’ தளங்கள் பலவும் உற்பத்தியாளருடையவை அல்ல. டிரைவரோடு வேண்டாத மென்பொருள்களையும் சேர்த்துத் தருபவை அவற்றில் உண்டு. பிரிண்டர் டிரைவர் கணினியின் மிக உயர்ந்த அதிகாரத்தோடு இயங்கும் பகுதிகளைத் தொடுவது என்பதால், இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

முதலில் எழுத்துரு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நிறுவல் குறிப்புகளில் இந்தப் படியே இருக்காது. தமிழில் இதுவே முதற்படி.

விண்டோஸ் 2000இல் தமிழ் ஒருங்குறி (யூனிகோட்) ஆதரவு வந்தபோது உடன் வந்த எழுத்துரு லதா. விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. விண்டோஸ் 8இல் நிர்மலா யுஐ வந்தது. விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் தாமாக நிறுவப்படுவதில்லை. ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்ற விருப்பத் தொகுப்புக்குள் அவை நகர்த்தப்பட்டுவிட்டன. தமிழை மொழியாகச் சேர்த்திராத புதிய கணினியில் லதாவில் தட்டச்சான பழைய ஆவணத்தைத் திறந்தால், வேர்ட் அதனிடத்தில் வேறோர் எழுத்துருவை அமைதியாக வைத்துவிடும். எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறுவதால் பக்க முறிவு நகரும். அட்டவணையின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகும். உள்ளடக்கப் பக்கத்தில் கொடுத்த எண்கள் பொய்யாகிவிடும். ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளி ஆவணம் ஒன்றை இரண்டு கணினிகளில் பிடிஎஃப்பாக மாற்றியபோது பக்க எண்ணிக்கை வேறுபட்டதைக் கண்டு, பிரிண்டர் டிரைவரை மூன்று முறை அகற்றி நிறுவிய பின்னரே காரணம் எழுத்துரு என்பது எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எழுத்துருவைத்தான் முதலில் பார்க்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸைத் திறந்து, ‘வியூ ஃபீச்சர்ஸ்’ பொத்தானை அழுத்தி, தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸைத் தேடி நிறுவுங்கள். அதன்பின் அலுவலகம் பயன்படுத்தும் மற்ற எழுத்துருக்களை, நோட்டோ சான்ஸ் தமிழ், மருதம் என எதுவாயினும், ஒரே பென்டிரைவிலிருந்து ஒரே பதிப்பாக எல்லாக் கணினிகளிலும் நிறுவுங்கள். எழுத்துருக் கோப்பின் மேல் வலது சொடுக்கி ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் அப்போது உள்நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டுமே எழுத்துரு கிடைக்கும்; மாலை ஷிஃப்ட்டில் வேறு பெயரில் உள்நுழைபவருக்கு அதே கணினியில் அதே ஆவணம் வேறாகத் தெரியும்.

பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் உள்ள கோப்புகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. இவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை வேறு எழுத்துகளுக்கான குறியீடுகளே. எழுத்துரு உட்பொதியாத, அதாவது கோப்புக்குள்ளேயே சேர்க்கப்படாத, பிடிஎஃப்பாக இவற்றை அனுப்பினால், பெறுபவரின் திரையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிசைதான் தோன்றும். உட்பொதித்து அனுப்பினால் படிக்க முடியும். ஆனால் அந்தப் பிடிஎஃப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லையும் தேட முடியாது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியையும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தமிழுக்கான தரங்களாக ஏற்றுக்கொண்டுவிட்டது. புதிய ஆவணங்களை ஒருங்குறியில் மட்டுமே தட்டச்சு செய்வது, பழையவற்றைத் திருத்த நேரும்போதெல்லாம் குறியாக்க மாற்றி மென்பொருளில் இட்டு ஒருங்குறியாக்கிவிடுவது என்று அலுவலகத்தில் முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

நாடும் தாள் அளவும்

கணினி வாங்கிய கடையில் விண்டோஸை நிறுவியவர் நாட்டைக் கேட்கும் இடத்தில் அமெரிக்காவை அப்படியே விட்டிருந்தால், பின்னர் நிறுவப்படும் பல டிரைவர்கள் லெட்டர் தாளைத் தங்கள் இயல்பான அளவாக எடுத்துக்கொள்ளும். லெட்டர் 216க்கு 279 மில்லிமீட்டர். நாம் பயன்படுத்தும் ஏ4 210க்கு 297 மில்லிமீட்டர். பக்கம் லெட்டருக்காகத் தயாராகி, தட்டில் ஏ4 தாள் இருந்தால், சில பிரிண்டர்கள் உரிய தாளைக் கேட்டு நின்றுவிடும். சில பக்கத்தைச் சுருக்கி அச்சிடும். டிரைவரை நிறுவுவதற்கு முன்னரே செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் நாட்டையும் வட்டார வடிவத்தையும் இந்தியா என்று மாற்றிவிடுங்கள். நீதிமன்றப் பணி செய்யும் அலுவலகங்களில் 216க்கு 356 மில்லிமீட்டர் அளவுள்ள லீகல் தாள் வழக்கம் இன்னும் முற்றிலும் போகவில்லை. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் முதல் ஏ4 தாளின் இருபுறமும் அச்சிடும் முறைக்கு மாறிய பின், லீகலை ஒரு தனித் தட்டிலோ தனிப் பிரிண்டர் பெயரிலோ ஒதுக்கிவைப்பதே குழப்பத்தைக் குறைக்கும்.

டிரைவரைத் தேர்ந்தெடுத்தலும் நிறுவுதலும்

ஒரே பிரிண்டருக்கு உற்பத்தியாளரின் தளத்தில் நான்கைந்து டிரைவர்கள் இருப்பதைப் பார்த்துப் பலரும் திகைக்கிறார்கள். வேறுபாடு, பக்கத்தை விவரிக்கும் மொழியில் இருக்கிறது. அத்தகைய மொழிகளில் பிசிஎல் 6 அன்றாட அலுவலக ஆவணங்களுக்கு வேகமானது. போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவமைப்பு மென்பொருள்களிலிருந்தும் சிக்கலான பிடிஎஃப்களிலிருந்தும் அச்சிட ஏற்றது. வேர்டும் எக்ஸெலும் டாலியும் மட்டுமே பயன்படும் அலுவலகத்துக்குப் பிசிஎல் 6 போதும். பெரும் நிறுவனங்கள் தரும் யுனிவர்சல் டிரைவர் பல மாடல்களுக்கு ஒன்றாகவே பயன்படும் என்பதால், வெவ்வேறு மாடல்கள் இருக்கும் அலுவலகத்தில் அது பராமரிப்பைக் குறைக்கும். ஒரே ஒரு பிரிண்டர் உள்ள இடத்தில் அந்த மாடலுக்கான தனி டிரைவரையே விரும்புகிறேன். தட்டுகளும் இருபக்க அச்சும் அதில் தாமாகவே சரியாக அடையாளம் காணப்படுவது அதிகம்.

நெட்வொர்க் பிரிண்டருக்கு முதலில் நிலையான முகவரி வேண்டும். ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிட்டுத் தரும் டிஎச்சிபி பகுதியில், நீங்கள் குறித்துவைத்த மேக் முகவரிக்கு ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாத அலுவலகங்களில் ஒரு மின்தடைக்குப் பின் பிரிண்டருக்கு வேறு முகவரி கிடைத்துவிடும். அத்தனை கணினிகளிலும் ‘ஆஃப்லைன்’ என்ற சொல் தோன்றும். பழுது பிரிண்டரில் இருப்பதாக நினைத்துச் சேவைப் பொறியாளரை அழைப்பார்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ் பகுதிக்குள் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸைத் திறந்து, ‘ஆட் டிவைஸ்’ கொடுங்கள். விண்டோஸ் தானே கண்டுபிடித்துக் காட்டும் பிரிண்டர் பெயரை உடனே சொடுக்கிவிடாதீர்கள். அவ்வழியில் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற வகைப் போர்ட் உருவாகும். பிரிண்டர் உறக்கநிலைக்குப் போய்த் திரும்பும்போது தொடர்பு அறுந்து, அச்சுப்பணிகள் வரிசையில் தேங்குவதை இவ்வகையில் அடிக்கடி காண்கிறேன். சற்றுக் காத்திருந்தால் கீழே, கையால் சேர்க்கும் வழி தோன்றும். அதில் ஐபி முகவரி கொண்டு சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, சாதன வகையை டிசிபி/ஐபி டிவைஸ் என்று வைத்து, முகவரியை இடுங்கள். டிரைவரைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பெட்டியின் குறியை நீக்கிவிட்டு, ‘ஹேவ் டிஸ்க்’ வழியாக நீங்கள் இறக்கிவைத்த டிரைவரைக் காட்டுங்கள். இவ்வாறு உருவாகும் போர்ட் இயல்பாக 9100 என்ற எண்ணில் பிரிண்டரோடு நேரடியாகப் பேசும். அச்சு சரியாக வரும்போதும் நிலை ஆஃப்லைன் என்றே காட்டினால், போர்ட் கான்ஃபிகரேஷனில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற குறியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிரிண்டருக்குப் பெயரிடுவதில் சிறிது கவனம் வேண்டும். மாடல் எண்ணைவிட ‘வரவேற்பறை ஏ4’, ‘கணக்கு லீகல்’ என்று இடத்தையும் தாளையும் சொல்லும் பெயர் ஊழியருக்கு உதவும். மிகப் பழைய கணக்கு மென்பொருள் ஏதேனும் பயன்பாட்டில் இருந்தால் மட்டும் ஆங்கில எழுத்துகளில், இடைவெளியின்றிப் பெயர் வைப்பது பாதுகாப்பானது.

யுஎஸ்பி பிரிண்டருக்கு நடைமுறை தலைகீழ். உற்பத்தியாளரின் குறிப்பு வேறாகச் சொன்னாலன்றி, டிரைவரை முதலில் நிறுவி, அது கேட்கும்போது மட்டுமே கம்பியைச் செருக வேண்டும். கேனன் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற, நம் ஊர் மேசைகளில் பல்லாண்டுகளாக இருக்கும் இயந்திரங்கள் பக்கத்தைத் தாமே உருவாக்கும் திறன் அற்றவை. அந்த வேலை முழுவதையும் கணினியில் உள்ள டிரைவரே செய்து, ஆயத்தமான புள்ளிப்படத்தை அனுப்புகிறது. எனவே பிசிஎல் டிரைவரோ யுனிவர்சல் டிரைவரோ இவற்றுக்கு உதவாது. அந்த மாடலுக்கென்றே எழுதப்பட்ட 64 பிட் டிரைவர் இருந்தே ஆக வேண்டும். கிடைத்த டிரைவர் கோப்பை ஒரு பொதுக் கோப்புறையிலும் ஒரு வெளி வன்தட்டிலும் பத்திரப்படுத்திவையுங்கள்.

பகிர்ந்த பிரிண்டரும் 2021க்குப் பிந்தைய நிலையும்

ஒரு கணினியில் யுஎஸ்பியால் இணைத்த பிரிண்டரை மற்றவர்களுக்குப் பகிர்வது முன்பு இரண்டு சொடுக்குகளில் முடிந்த வேலை. 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர்பெற்ற பாதுகாப்புக் குறைபாடு ஸ்பூலர் சேவையில் வெளிப்பட்டது. டிரைவரை நிறுவும் வழியைப் பயன்படுத்தியே வெளியாள் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தைக் கைப்பற்ற அது இடம்கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து, பகிர்ந்த பிரிண்டரோடு இணையும்போது டிரைவரை நிறுவுவதற்கு நிர்வாகி அதிகாரம் கட்டாயமாயிற்று. சாதாரணப் பயனராக உள்நுழைந்த ஊழியர் இணைக்க முயன்றால் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்பது இதனால்தான்.

இதற்கு, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் போதும் என்று சொல்லும் காணொளிகள் ஏராளம். அம்மாற்றம் செய்வது, பூட்டிய கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது. வாடிக்கையாளரின் ஆவணங்கள் உள்ள கணினியில் அதைச் செய்யவே கூடாது. சரியான வழி, நிர்வாகியாக உள்நுழைந்து ஒவ்வொரு கணினியிலும் அந்த டிரைவரை முன்கூட்டியே நிறுவிவிடுவது. பின்னர் ஊழியரின் கணக்கிலிருந்து இணைக்கும்போது டிரைவர் ஏற்கெனவே இருப்பதால் பெரும்பாலும் தடை எழாது. இரு கணினிகளிலும் விண்டோஸ் அப்டேட் ஒரே நிலையில் இருக்க வேண்டியதும் அவசியம். நெட்வொர்க் வசதி உள்ள பிரிண்டரைப் பொறுத்தவரை பகிர்தலே தேவையில்லை. ஒவ்வொரு கணினியும் அதன் முகவரியோடு நேரடியாகப் பேசட்டும். வரவேற்பறைக் கணினி அணைந்திருப்பதால் அலுவலகம் முழுவதும் அச்சு நின்றுபோகும் நிலையும் அதனால் தவிரும்.

இயல்பு அமைப்புகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன

இருபக்க அச்சை எத்தனை முறை நிறுத்தினாலும் மறுபடி வருகிறது என்ற முறையீட்டுக்கு விடை இங்கே இருக்கிறது. ‘பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்’ என்பது உள்நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டுமான அமைப்பு. ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து, அட்வான்ஸ்ட் தாவலில் உள்ள ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ என்பது அந்தக் கணினியில் இனி உள்நுழையப்போகும் அனைவருக்குமான அமைப்பு. நிறுவுபவர் தம் கணக்கில் ப்ரிஃபரன்சஸை மட்டும் மாற்றிவிட்டு, எல்லாம் சரியென்று கிளம்பிவிடுவார்; மறுநாள் ஊழியர் தம் கணக்கில் உள்நுழையும்போது டிரைவரின் ஆதி அமைப்புகளே அவருக்குக் கிடைக்கும். ஆகவே ஏ4, கறுப்பு வெள்ளை, நீள ஓரத்தில் புரளும் இருபக்க அச்சு ஆகிய மூன்றையும் முதலில் பிரிண்டிங் டிஃபால்ட்ஸில் வைத்து, அதன்பின் ஊழியரின் கணக்கில் நுழைந்து ப்ரிஃபரன்சஸிலும் அவையே வந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

இருபக்க அச்சுக்கான விருப்பமே தெரியவில்லை என்றால், அதே ப்ராப்பர்ட்டீஸ் சாளரத்தின் ‘டிவைஸ் செட்டிங்ஸ்’ தாவலில் டூப்ளெக்ஸ் யூனிட் நிறுவப்படவில்லை என்று குறித்திருக்கும். அதை நிறுவப்பட்டதாக மாற்ற வேண்டும். கூடுதல் தாள் தட்டுக்கும் இதுவே முறை. இறுதியாக, பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே இயல்புப் பிரிண்டராகிவிடும். ஒருமுறை பிடிஎஃப் எடுத்தவர் அடுத்த ஆவணத்தை அச்சிடும்போது காகிதத்துக்குப் பதிலாகக் கோப்புப் பெயரைக் கேட்கும் சாளரம்தான் வரும்.

பிடிஎஃப்: அச்சின் வழியா, ஏற்றுமதியின் வழியா

பிடிஎஃப் வடிவத்தை அடோபி 1993இல் வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. தரம் ஒன்றே என்றாலும், கோப்பு உருவாகும் வழியைப் பொறுத்து அதன் உள்ளடக்கம் பெரிதும் வேறுபடும். அலுவலக ஊழியர்களுக்கு நான் கட்டாயம் கற்பிப்பது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

அச்சின் வழியே உருவாக்கும்போது, மென்பொருள் பக்கத்தை வரைந்து, காகிதத்துக்குப் பதிலாகக் கோப்பைத் தரும் மெய்நிகர் பிரிண்டரிடம் தருகிறது. அங்கே சென்று சேர்வது பக்கத்தின் தோற்றம் மட்டுமே; தலைப்புகளிலிருந்து உருவாகும் புக்மார்க்குகள், சொடுக்கக்கூடிய இணைப்புகள், ஆவணக் கட்டமைப்புக் குறிகள் எவையும் பிரிண்டரை வந்தடைவதில்லை. ஏற்றுமதியின் வழியே உருவாக்கும்போது ஆவணத்தை முழுமையாக அறிந்த மென்பொருளே பிடிஎஃப்பை எழுதுவதால், இவை அனைத்தையும் கொண்டுவர முடிகிறது.

தமிழுக்கு இந்த வேறுபாடு இன்னும் ஆழமானது. ‘கொ’ என்ற எழுத்து ஒருங்குறியில் ககரமும் அதைத் தொடரும் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. பக்கத்தில் வரையப்படும்போதோ ஒற்றைக் கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் இறுதியிலுமாக மூன்று உருவங்களாகிறது. பிடிஎஃப்புக்குள் இருப்பவை இந்த உருவங்கள். எந்த உருவம் எந்த எழுத்துக்கு உரியது என்ற பொருத்தப் பட்டியலும், சொல்லின் அசல் வடிவத்தைச் சொல்லும் கட்டமைப்புக் குறிகளும் சரியாக இல்லாவிட்டால், கண்ணுக்கு அழகாகத் தெரியும் அதே பக்கத்தில் ‘கொள்முதல்’ என்று தேடினால் கிடைக்காது. நகலெடுத்து ஒட்டினால் கொம்புகள் இடம்மாறி வரும். பத்தாண்டு கழித்து ஒரு கோப்பைத் தேடப்போகும் அலுவலகத்துக்கு இது சிறிய குறையன்று.

ஆகவே வேர்ட், எக்ஸெல் ஆவணங்களுக்கு ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் வழியைப் பயன்படுத்துங்கள். வேர்ட் 2010 முதல் இவ்வசதி மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. சேமிக்கும் சாளரத்தில் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி, டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் குறி இருப்பதை உறுதிசெய்யுங்கள். நீண்ட ஆவணமெனில் தலைப்புகளிலிருந்து புக்மார்க் உருவாக்கும் குறியையும் இடுங்கள். லிப்ரெஆஃபிஸ் பயன்படுத்தும் அலுவலகத்தில் எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் சாளரத்தின் ஜெனரல் தாவலிலேயே படத்தின் தரம், பிடிஎஃப்/ஏ, கட்டமைப்புக் குறிகள் அனைத்தும் கிடைக்கும். டாலி பிரைமுக்கும் தனியே பிடிஎஃப் ஏற்றுமதி உண்டு. விலைப்பட்டியலை அதன் வழியே எடுப்பதே நல்லது.

ஏற்றுமதி வசதி இல்லாத மென்பொருள்கள், வங்கி இணையப் பக்கங்கள், அரசுத் தளங்களின் ஒப்புகைச் சீட்டுகள் ஆகியவற்றுக்கு மெய்நிகர் பிரிண்டர் வேண்டும். விண்டோஸ் 10 வெளியான 2015 முதல் ‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ உடனிருப்பதால் பல அலுவலகங்களுக்கு வேறெதுவும் தேவையில்லை. அது காணாமற்போயிருந்தால், விண்டோஸ் ஃபீச்சர்ஸை இயக்கும் அணைக்கும் சாளரத்தில் அதன் குறியை நீக்கி, மறுதொடக்கம் செய்து, மீண்டும் குறியிட்டால் திரும்ப வந்துவிடும். பல கோப்புகளை ஒன்றிணைத்தல், தானாகப் பெயரிட்டுச் சேமித்தல், அளவைச் சுருக்குதல் ஆகியவை அன்றாடத் தேவையாக இருந்தால் மட்டும் பிடிஎஃப்கிரியேட்டர், பிடிஎஃப்24 கிரியேட்டர் போன்ற ஒன்றைச் சேருங்கள். நிறுவும் முன் உரிம ஒப்பந்தத்தைப் படிப்பது அவசியம். தனிநபருக்கு இலவசமாகத் தரப்படும் சில மென்பொருள்கள் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கின்றன. நிறுவும்போது ‘கஸ்டம்’ வழியைத் தேர்ந்தெடுத்து, கூடவே வரும் கூடுதல் உறுப்புகளை நீக்கிவிடுங்கள். மூன்று நான்கு பிடிஎஃப் பிரிண்டர்கள் வரிசையாக நிற்கும் கணினிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றிவிடுவதே ஊழியருக்குச் செய்யும் பேருதவி.

நீண்டகாலம் காக்க வேண்டிய ஆவணங்களுக்கு பிடிஎஃப்/ஏ என்ற வடிவம் இருக்கிறது. 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்று தரமாக்கப்பட்டது. எல்லா எழுத்துருக்களும் கோப்புக்குள் உட்பொதிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே தமிழ் ஆவணக் காப்புக்கு அது மிகவும் உகந்தது. கடவுச்சொல் பூட்டுக்கு அதில் இடமில்லை என்பதால், கடவுச்சொல்லோடு அனுப்ப வேண்டியவற்றைச் சாதாரணப் பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கையொப்பம் இடும் அலுவலகங்கள் ஒரு விதியைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்: கையொப்பம் எப்போதும் கடைசிப் படி. கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கன் கொண்டு கையொப்பமிட்ட பிடிஎஃப்பை மறுபடி மெய்நிகர் பிரிண்டருக்கு அனுப்பி ‘சுருக்கினால்’, கையொப்பத்தின் படம் பக்கத்தில் இருக்கும். சரிபார்க்கக்கூடிய கையொப்பம் இருக்காது. இணைத்தல், பக்க எண் இடுதல், அளவு குறைத்தல் ஆகிய அனைத்தையும் முன்னரே முடித்துவிட வேண்டும்.

சோதித்தலும் பிற கணினிகளுக்குக் கொண்டுசெல்லுதலும்

விண்டோஸ் தரும் டெஸ்ட் பேஜ் தமிழைச் சோதிப்பதில்லை. நான்கு பக்கங்களில் நீங்களே ஒரு சோதனை ஆவணம் தயாரித்துக்கொள்ளுங்கள்: முதல் பக்கத்தில் ‘கொள்முதல்’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘கௌ’ போன்றவை வரும் தமிழ்ப் பத்தி, அலுவலகம் பயன்படுத்தும் ஒவ்வோர் எழுத்துருவிலும்; இரண்டாவதில் பக்க ஓரம்வரை வரும் அட்டவணை; மூன்றாவதில் முத்திரைப் படம்; நான்காவதில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. இதை இருபக்கமாக அச்சிட்டு, கோட்டை அளவுகோலால் அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் எங்கோ ‘ஃபிட்’ என்ற சுருக்கம் இயங்குகிறது. அதை ‘ஆக்சுவல் சைஸ்’ என்று மாற்ற வேண்டும். பின்னர் அதே ஆவணத்தைப் பிடிஎஃப்பாக எடுத்து, அக்ரோபேட் ரீடரில் திறந்து, டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸின் ஃபான்ட்ஸ் தாவலில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் அருகே ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ‘கொள்முதல்’ என்று தேடிப் பாருங்கள்.

முதற்கணினி இவ்வாறு தேறிய பின், விண்டோஸ் புரோ பதிப்பில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் வழியே பிரிண்ட் மேனேஜ்மென்ட் கன்சோலைச் சேர்த்து, அதிலிருந்து பிரிண்டர்கள், டிரைவர்கள், போர்ட்கள் அனைத்தையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து மற்றக் கணினிகளில் இறக்குமதி செய்யலாம். எழுத்துருக்களும் பயனரின் தனி அமைப்புகளும் அதில் அடங்கா. அவற்றைத் தனியே செய்ய வேண்டும். ஹோம் பதிப்பில் அனைத்தையும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பின்னர் எழும் கோளாறுகள்

அச்சுப்பணி வரிசையில் சிக்கி, நீக்கவும் முடியாமல் நின்றால், சர்வீசஸ் சாளரத்தில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்று சென்று, அங்குள்ள கோப்புகளை மட்டும் அழித்து, சேவையை மீண்டும் தொடங்குங்கள். கோப்புறையையே அழித்துவிடக் கூடாது.

திரையில் சரியாக இருக்கும் தமிழ்ப் பிடிஎஃப் காகிதத்தில் மட்டும் கட்டங்களாகவோ சிதைந்தோ வந்தால், எழுத்துருவைப் பிரிண்டர் மொழிக்கு மாற்றும் இடத்தில் டிரைவர் தவறுகிறது. அக்ரோபேட் ரீடரின் அச்சுச் சாளரத்தில் அட்வான்ஸ்ட் பொத்தானை அழுத்தி ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ கொடுத்தால் அவசரத்துக்கு வேலை நடக்கும். அச்சு சற்று மெதுவாகும். நிலையான தீர்வு, பிசிஎல் டிரைவருக்குப் பதிலாகப் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரையோ புதிய பதிப்பையோ நிறுவிப் பார்ப்பது. அப்படி மாற்றும்போது பிரிண்டரை மட்டும் நீக்கினால் போதாது. பழைய டிரைவர் கணினியிலேயே தங்கியிருக்கும். பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸின் டிரைவர்ஸ் தாவலில் ‘ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்’ கொடுத்து முழுமையாக அகற்றிய பின்னரே புதியதை நிறுவுங்கள்.

விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் ‘விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட் மோட்’ என்ற வசதி வந்துள்ளது. உற்பத்தியாளரின் டிரைவர் எதுவுமின்றி, மோப்ரியா என்ற பிரிண்டர் துறைக் கூட்டமைப்பின் சான்றுபெற்ற பிரிண்டர்களோடு ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறையில் மட்டும் பேசுவது அது. பாதுகாப்பு நோக்கில் நல்ல திசை. ஆனால் அதை இயக்கியதும், உற்பத்தியாளரின் டிரைவரைக் கொண்டு நிறுவப்பட்ட பிரிண்டர்கள் கணினியிலிருந்து நீங்கிவிடும். பழைய யுஎஸ்பி பிரிண்டர் உள்ள கணினியில் அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் வழியே பிற நிறுவன டிரைவர்களை வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இலேயே அறிவித்துவிட்டது என்பதால், அடுத்த பிரிண்டரை வாங்கும்போது விவரப் பட்டியலில் மோப்ரியா சான்றும் ஈதர்நெட் இணைப்பும் உள்ளனவா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.